கப்பலா, தூதரகமா? ஒரு கமாண்டரின் கடிதத்துக்குப் பதில்

கேள்வி: ஐயா, நான் கடற்படையில் பதினேழு ஆண்டுகளாகப் பணியாற்றும் கமாண்டர். ஒரு ஃபிரிகேட் வகைப் போர்க்கப்பலில் இரண்டாம் நிலை அதிகாரியாக இருந்துவிட்டு, இப்போது இரண்டு ஆண்டுகளாகத் தலைமையகத்தில் மேசை வேலையில் இருக்கிறேன். அடுத்த சுற்றில் ஒரு கப்பலின் தலைமைப் பொறுப்பு எனக்குக் கிடைக்கக்கூடும் என்று நம்பியிருந்த நேரத்தில், வெளிநாட்டிலுள்ள நமது தூதரகம் ஒன்றில் மூன்று ஆண்டுகள் கடற்படை அட்டாஷேயாக, அதாவது தூதரகத்தில் கடற்படையின் பிரதிநிதியாகப் பணியாற்றச் சம்மதமா என்று கேட்டிருக்கிறார்கள். பத்து நாட்களுக்குள் பதில் தர வேண்டும். "விருந்துக்குப் போவதும் கை குலுக்குவதும்தான் அங்கே வேலை" என்கிறார் ஒரு மேலதிகாரி. "அனுமதி பெற்ற ஒற்றர் வேலை" என்கிறார் மற்றொருவர். இந்தப் பணி என் பதவி உயர்வைக் கெடுக்குமா? அங்கே உண்மையில் என்ன வேலை? மருத்துவராக இருக்கும் என் மனைவியும் ஒன்பதாம் வகுப்பில் படிக்கும் மகளும் என்ன செய்வார்கள்? ஓய்வுக்குப் பிறகு தூதர் ஆகும் வாய்ப்பு இதனால் வருமா?

பதில்: அன்புள்ள கமாண்டர் அவர்களுக்கு,

முதல் கேள்விக்கு என் பதில் சுருக்கமானது. கப்பலை முதலில் கேட்டு வாங்குங்கள்; அதன் தலைமைப் பொறுப்பை முடித்த பிறகு தூதரகத்துக்குப் போங்கள். தூதரகப் பணி தாழ்ந்தது என்பதற்காக இதைச் சொல்லவில்லை. நானே அப்பணியில் இருந்தவன், அந்த ஆண்டுகளை என் பணிக்காலத்தின் நல்ல பகுதிகளில் ஒன்றாகவே கருதுகிறேன். ஆனால் அட்டாஷேயாகப் போகிறவர் அங்கே தன்னோடு எடுத்துச் செல்லும் ஒரே சரக்கு தன் தொழில் அனுபவம்தான். அந்த நாட்டுக் கடற்படைத் தலைமையகத்தில் உங்களை முதன்முறையாகச் சந்திக்கும் அட்மிரல், தேநீர்க் கோப்பையை மேசையில் வைத்துவிட்டு, நீங்கள் எந்தக் கப்பலுக்குத் தலைமை வகித்தீர்கள் என்று பெரும்பாலும் கேட்பார். அந்தக் கேள்விக்கு உங்களிடம் பதில் இருந்தால் அடுத்த அரை மணி நேரம் இரு கடலோடிகளின் பேச்சாக நடக்கும். இல்லையென்றால் ஒரு தூதரக அலுவலரோடு நடத்தும் மரியாதைப் பேச்சாக முடிந்துவிடும்.

வேறொரு காரணமும் உண்டு. நீங்கள் ஏற்கெனவே இரண்டு ஆண்டுகளாகக் கரையில் இருக்கிறீர்கள். அதோடு மூன்று ஆண்டுகள் சேர்ந்தால், ஐந்து ஆண்டுகள் கப்பலின் மேல்தளத்தில் காவல் பார்க்காத ஒருவரைத் தலைமைப் பொறுப்புக்குத் தேர்வு செய்யலாமா என்று தேர்வு வாரியம் தயங்கும். அந்தத் தயக்கத்தில் நியாயம் இருக்கிறது. அதற்குள் உங்களுக்குப் பழக்கமான ஆயுத அமைப்பும் உணர்கருவிகளும் மாறியிருக்கும், உங்களுக்கு இளையவர்கள் அவற்றில் கைதேர்ந்திருப்பார்கள். இதைவிட நுட்பமான சிக்கல் ஒன்றும் இருக்கிறது. அட்டாஷேயின் ஆண்டு மதிப்பீட்டில் தூதரின் கருத்துக்கு எடை உண்டு. தூதர் உங்களை எவ்வளவு உயர்வாக எழுதினாலும், புயலில் ஒரு கப்பலை நீங்கள் எப்படி நடத்துவீர்கள் என்பதைப் பற்றி அவரால் ஒரு வரிகூட எழுத முடியாது.

அட்டாஷே பணி கடலை மறக்கச் செய்யும் என்ற எண்ணத்தை மட்டும் நான் ஏற்கவில்லை. ஜப்பானியக் கடற்படையின் இசோரோகு யமமோட்டோ 1926 முதல் 1928 வரை வாஷிங்டனில் கடற்படை அட்டாஷேயாக இருந்தார். திரும்பிய ஆண்டிலேயே ஒரு குரூசர் கப்பலுக்கும், பிறகு அகாகி என்ற விமானந்தாங்கிக் கப்பலுக்கும் தலைமை ஏற்றார். அமெரிக்காவின் ஆலன் கிர்க் 1939 முதல் 1941 வரை லண்டனில் கடற்படை அட்டாஷேயாக இருந்தார். 1944 ஜூனில் பிரான்சின் நார்மண்டிக் கடற்கரையில் நேச நாட்டுப் படைகள் தரையிறங்கியபோது மேற்குக் கடற்படைப் படைப்பிரிவுக்குத் தலைமை தாங்கியவர் அவரே. பிரிட்டிஷ் அதிகாரிகளோடு லண்டனில் பழகிய அனுபவம் அந்தப் பொறுப்பில் அவருக்கு எவ்வளவு உதவியிருக்கும் என்பதை நீங்களே ஊகிக்கலாம். இவர்கள் அரிதான மனிதர்கள் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். விதிவிலக்குகளைக் காட்டி உங்களை அனுப்பிவைக்க எனக்கு விருப்பமில்லை. தூதரகத்திலிருந்து கடலுக்குத் திரும்பும் வழி மூடிக்கிடக்கவில்லை என்று காட்டவே இந்த இரு பெயர்களையும் சொன்னேன்.

அடுத்து, அங்கே என்ன வேலை என்ற கேள்வி. இதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் உங்களுக்கு அறிவுரை சொன்ன இருவரும் பாதி உண்மையைத்தான் சொல்லியிருக்கிறார்கள்.

தூதரக உறவுகள் பற்றிய 1961-ஆம் ஆண்டு வியன்னா ஒப்பந்தத்தை, விமானம் ஏறுவதற்கு முன்பு ஒருமுறை முழுமையாகப் படித்துவிடுங்கள். ஐம்பத்து மூன்று உறுப்புகள்தான், ஒரு மாலையில் படித்துவிடலாம். தூதரகத்தின் பணிகளை வரையறுக்கும் அதன் 3-வது உறுப்பு, அந்த நாட்டின் நிலைமைகளையும் மாற்றங்களையும் சட்டபூர்வமான எல்லா வழிகளிலும் அறிந்து தன் அரசுக்குத் தெரிவிப்பது தூதரகத்தின் வேலை என்கிறது. உங்களிடம் மற்றொருவர் ஒற்றர் வேலை என்று சொன்னதற்கும் உண்மையான பணிக்கும் இடையிலுள்ள கோடு 'சட்டபூர்வமான' என்ற அந்தச் சொல்லில்தான் இருக்கிறது. அந்த நாட்டின் கடற்படை புதிய கப்பல் ஒன்றை வெள்ளோட்டம் விட்டால், அழைப்பின் பேரில் போய்ப் பாருங்கள், கேளுங்கள், எழுதி அனுப்புங்கள். அதற்காகத்தான் உங்களை அழைத்திருக்கிறார்கள். நீங்கள் எழுதி அனுப்புவீர்கள் என்பது அழைத்தவர்களுக்கும் தெரியும். அதே கப்பலின் வரைபடத்தை ஒரு பொறியாளரிடம் பணம் கொடுத்து வாங்கினால் அது வேறு தொழில். அந்தத் தொழிலுக்கு உங்களை அனுப்பவில்லை. முதல் உலகப் போரின்போது வாஷிங்டனில் ஜெர்மனியின் கடற்படை அட்டாஷேயாக இருந்த கார்ல் பாய்-எட் இந்தக் கோட்டைத் தாண்டினார் என்று அமெரிக்க அரசு கருதியது. 1915 டிசம்பரில், ராணுவ அட்டாஷேயாக இருந்த பிரான்ஸ் ஃபான் பாப்பனோடு சேர்த்து அவரையும் திரும்ப அழைத்துக்கொள்ளுமாறு ஜெர்மனியிடம் கேட்டது.

அதே ஒப்பந்தத்தின் 7-வது உறுப்பு, ராணுவ, கடற்படை, விமானப்படை அட்டாஷேக்களின் பெயர்களை முன்கூட்டியே அனுப்பித் தன் ஒப்புதலைப் பெற வேண்டும் என்று கேட்கும் உரிமையை வரவேற்கும் நாட்டுக்கு அளிக்கிறது. தூதருக்குக் கீழேயுள்ள மற்ற அலுவலர்களுக்கு இல்லாத இந்த முன்னனுமதி உங்களுக்கு இருப்பது, உங்களை எவ்வளவு கவனத்தோடு பார்ப்பார்கள் என்பதற்கு முதல் அறிகுறி. நீங்கள் போகும் நாட்டில் வெளிநாட்டு அட்டாஷேக்களோடு தொடர்புகொள்ளப் பாதுகாப்பு அமைச்சகத்தில் ஒரு தனி அலுவலகம் இருக்கலாம். அப்படி இருந்தால் தலைநகரை விட்டு வெளியே போவது, கப்பல்தளத்தைப் பார்ப்பது, ஓர் அட்மிரலைச் சந்திப்பது ஆகிய எல்லாவற்றையும் அதன் வழியாகவே கேளுங்கள். சில நாடுகளில் இது தலைவலியாகத் தெரியும். எனக்கும் முதல் ஆறு மாதங்களில் அப்படித்தான் தெரிந்தது. அந்த அலுவலகத்தை ஒருமுறைகூடச் சுற்றிப் போகாத அட்டாஷேக்கே பிறகு கதவுகள் தானாகத் திறக்கின்றன என்பதை இரண்டாம் ஆண்டில் கண்டேன்.

உங்களுக்கு இரண்டு எஜமானர்கள் இருப்பார்கள். தூதரகத்துக்குள் தூதருக்குக் கீழே நீங்கள் ஓர் அலுவலர். மறுபுறம் தலைமையகத்திலுள்ள கடற்படைப் புலனாய்வுப் பிரிவுக்கு அறிக்கை அனுப்பக் கடமைப்பட்டவர். கப்பலில் உங்கள் சொல் கட்டளை. தூதரகத்தில் உங்களுக்குக் கீழே ஓர் எழுத்தரும் ஓர் ஓட்டுநரும் இருந்தால் அதிகம். தூதரின் ஒப்புதல் இல்லாமல் எதையும் அறிவிக்க முடியாது. பல கமாண்டர்கள் இதைத் தாங்க முடியாமல் தங்களுக்கென்று ஒரு சிறிய கப்பலைத் தூதரகத்துக்குள்ளேயே கட்ட முயல்வதைப் பார்த்திருக்கிறேன். முதல் வாரமே தூதரிடம் போய், தலைமையகத்துக்கு அனுப்பும் அறிக்கைகளில் எவற்றை அவர் முன்னதாகப் பார்க்க விரும்புகிறார் என்று கேட்டுவிடுங்கள். முன்பே தெரிந்த ஒன்றைப் பொறுத்துக்கொள்ளும் தூதர், தனக்குத் தெரியாமல் நடந்ததை ஒருபோதும் பொறுத்துக்கொள்ள மாட்டார்.

காமன்வெல்த் நாடுகளில் இதே பதவியைக் கடற்படை ஆலோசகர் என்று சொல்வதுண்டு. சிறிய தூதரகமாக இருந்தால், முப்படைகளுக்கும் சேர்த்துப் பாதுகாப்பு அட்டாஷே என்று ஒருவரே இருப்பார். அப்போது டாங்கிகளைப் பற்றியும் போர் விமானங்களைப் பற்றியும் உங்களிடம் கேட்பார்கள். தெரியாது என்று சொல்லிவிட்டு, மறுநாள் தெரிந்துகொண்டு சொல்வதே நல்லது.

இப்போது வேலையின் மையத்துக்கு வருகிறேன்: அறிக்கை. விருந்தும் கைகுலுக்கலும் அறிக்கைக்கு மூலப்பொருள் சேர்க்கும் இடங்கள் மட்டுமே. எந்தத் தகவல் எங்கிருந்து வந்தது, அதை எவ்வளவு நம்பலாம் என்பதைத் தகவலோடு பிரிக்காமல் அனுப்பத் தெரிந்தவரே நல்ல அட்டாஷே. 1941 மே 20 அன்று ஸ்டாக்ஹோமில் பிரிட்டிஷ் கடற்படை அட்டாஷேயாக இருந்த கேப்டன் ஹென்றி டென்ஹாம் லண்டனுக்கு ஒரு தந்தி அனுப்பினார். இரண்டு பெரிய போர்க்கப்பல்கள் நாசகாரிக் கப்பல்களும் விமானங்களும் சூழ, சுவீடன் கடற்கரையின் மார்ஸ்ட்ராண்ட் அருகே வடமேற்குத் திசையில் சென்றன என்பதே அதன் சாரம். அந்த இரண்டு கப்பல்கள் ஜெர்மனியின் பிஸ்மார்க்கும் பிரின்ஸ் ஆய்கனும். அவற்றின் பெயரை டென்ஹாம் எழுதவில்லை. தன் ஊகத்தையும் எழுதவில்லை. எண்ணிக்கை, இடம், திசை ஆகியவற்றை எழுதிவிட்டு, மூலத்தின் நம்பகத்தன்மைக்கு ஓர் எழுத்தும் தகவலின் நம்பகத்தன்மைக்கு ஓர் எண்ணும் சேர்த்து பி-3 என்று முடித்தார். அடுத்த நாள் ஒரு பிரிட்டிஷ் விமானம் நார்வேயின் பெர்கன் அருகே அந்தக் கப்பல்களைப் படமெடுத்தது. மே 27 அன்று பிஸ்மார்க் மூழ்கியது.

டென்ஹாம் அந்தக் கப்பல்களைத் தன் கண்ணால் பார்க்கவில்லை என்பதையும் கவனியுங்கள். தன் நாடு ஜெர்மனியின் பிடியில் இருந்ததால் ஸ்டாக்ஹோமில் தங்கிச் செயல்பட்டுவந்த நார்வே ராணுவ அட்டாஷே வழியாகவே தகவல் அவரிடம் வந்தது. அந்த நார்வே அட்டாஷேக்கு அது சுவீடன் நாட்டு அதிகாரி ஒருவரிடமிருந்து கிடைத்திருந்தது. மற்ற நாடுகளின் அட்டாஷேக்களோடு நீங்கள் உண்ணும் விருந்துகளுக்கு இதுதான் பொருள். ஆண்டு முழுவதும் ஒருவருக்கு ஒருவர் உண்மை சொல்லிப் பழகியிருந்தால்தான், அவசர நாளில் ஒரு வரித் தகவல் கைமாறும்.

இதற்கு நேர்மாறான உதாரணத்தையும் சொல்ல வேண்டும். கிச்சிசபுரோ நொமுரா ஜப்பானியக் கடற்படையின் அட்மிரல். முதல் உலகப் போர்க்காலத்தில் வாஷிங்டனில் கடற்படை அட்டாஷேயாக இருந்தவர். அப்போது அமெரிக்கக் கடற்படைத் துறையில் இருந்த, பின்னாளில் அதிபரான பிராங்க்ளின் ரூஸ்வெல்ட்டோடு பழகியவர். அந்த நட்பை நம்பியே 1941-இல் அவரைத் தூதராக வாஷிங்டனுக்கு அனுப்பினார்கள். அவ்வாண்டு ஏப்ரலில் இருதரப்புத் தனியாரும் சேர்ந்து எழுதிய ஒரு சமரச வரைவு பேச்சுக்கு வந்தது. பேச்சுக்கு அடிப்படையாக அமெரிக்க வெளியுறவுச் செயலர் கார்டல் ஹல் நான்கு கொள்கைகளை நொமுராவிடம் வலியுறுத்தினார். நொமுரா வரைவை டோக்கியோவுக்கு அனுப்பினார், அந்த நான்கு கொள்கைகளை உடனே தெளிவாகத் தெரிவிக்கவில்லை. டோக்கியோவில் அந்த வரைவை அமெரிக்க அரசின் திட்டமாகவே பலர் எடுத்துக்கொண்டார்கள். நல்ல எண்ணத்தோடுதான் செய்தார், பேச்சு முறியக் கூடாது என்று நினைத்தார். போர் அந்த ஒரு தந்தியால் வந்தது என்று நான் சொல்ல மாட்டேன், காரணங்கள் மிகப் பெரியவை. ஆனால் கேட்க விரும்பாத செய்தியை மென்மையாக்கி அனுப்பியதால், இரு தலைநகரங்களும் வெவ்வேறு தாள்களை வைத்துக்கொண்டு பல வாரங்கள் பேசிக்கொண்டிருந்தன. உங்கள் தூதருக்கோ தலைமையகத்துக்கோ பிடிக்காத ஒன்றை எழுத வேண்டிய நாள் வரும். அன்று நொமுராவை நினைத்துக்கொள்ளுங்கள்.

அறிக்கைக்கு அடுத்தபடியாக, இரு கடற்படைகளுக்கு இடையே நீங்கள் ஒரு குழாய். 1967 மே மாதம் ஜப்பான் கடலில் வாக்கர் என்ற அமெரிக்க நாசகாரிக் கப்பலோடு சோவியத் நாசகாரிகள் அடுத்தடுத்த இரண்டு நாட்களில் உரசின. இப்படிப்பட்ட உரசல்கள் ஒரு போரைத் தொடங்கிவிடக் கூடும் என்ற அச்சத்தில், இரு நாடுகளும் 1972 மே 25 அன்று மாஸ்கோவில் கடல் நிகழ்வுகள் பற்றிய உடன்பாட்டில் கையெழுத்திட்டன. அமெரிக்காவுக்காகக் கடற்படைச் செயலர் ஜான் வார்னரும் சோவியத் ஒன்றியத்துக்காக அட்மிரல் செர்கெய் கோர்ஷ்கோவும் கையெழுத்திட்டார்கள். கடலில் மோதலோ ஆபத்தான நெருக்கமோ நிகழ்ந்தால் தகவல் எந்த வழியில் போக வேண்டும் என்பதையும் அது எழுதிவைத்தது: அமெரிக்கக் கடற்படை வாஷிங்டனிலுள்ள சோவியத் கடற்படை அட்டாஷே வழியாகவும், சோவியத் கடற்படை மாஸ்கோவிலுள்ள அமெரிக்கக் கடற்படை அட்டாஷே வழியாகவும் தெரிவிக்க வேண்டும். பனிப்போரின் நடுவில் இரண்டு பெரிய கடற்படைகள் தங்கள் சச்சரவுகளை ஓர் அதிகாரியின் கைப்பைக்குள் போட்டு அனுப்ப ஒப்புக்கொண்டன. உங்கள் பதவிக்கு இதைவிடப் பெரிய சான்றிதழ் கிடையாது என்பது என் கருத்து.

இந்தக் குழாய் உயிரையும் காப்பாற்றும். 2005 ஆகஸ்டில் ரஷ்யாவின் கம்சாட்கா கரையருகே ஏ.எஸ்-28 என்ற சிறு மீட்பு நீர்மூழ்கி, ஏறத்தாழ 190 மீட்டர் ஆழத்தில் வலைகளிலும் கேபிள்களிலும் சிக்கி நின்றது. உள்ளே ஏழு பேர் இருந்தார்கள். அதற்கு ஐந்து ஆண்டுகள் முன்பு கூர்ஸ்க் நீர்மூழ்கி மூழ்கியபோது வெளிநாட்டு உதவியை ஏற்க ரஷ்யா நான்கு நாட்கள் எடுத்துக்கொண்டது. இம்முறை விரைவாகக் கேட்டது. பிரிட்டனிலிருந்து விமானத்தில் வந்த ஸ்கார்ப்பியோ என்ற ஆளில்லாத ஆழ்கடல் கருவி கேபிள்களை வெட்டியது, ஏழு பேரும் ஆகஸ்ட் 7 அன்று உயிரோடு மேலே வந்தார்கள். மாஸ்கோவில் இருந்த பிரிட்டிஷ் கடற்படை அட்டாஷே அந்த ஏற்பாட்டில் நேரடியாகப் பங்கெடுத்தார். ஒரு வெளிநாட்டு விமானம் ராணுவப் பகுதியில் இறங்க யாரிடம் அனுமதி கேட்பது, இறங்கிய கருவியை எந்தக் கப்பலில் ஏற்றுவது என்பவை அந்த நாளில் விதிப்புத்தகத்தைப் புரட்டிக் கண்டுபிடிக்கும் விடைகள் அல்ல. தொலைபேசியில் உங்கள் குரலை அடையாளம் காணும் ஒருவர் மறுமுனையில் இருக்க வேண்டும்.

நமது கப்பல்கள் அந்த நாட்டுத் துறைமுகத்துக்கு வரும்போது நீங்கள் தூங்க மாட்டீர்கள். அனுமதிக் கடிதம், கப்பலில் எத்தனை பேர், ஹெலிகாப்டர் உண்டா, எந்த அலைவரிசைகளைப் பயன்படுத்தலாம், குடிநீர், கழிவு, துறைமுக வழிகாட்டி என்று பட்டியல் நீளும். இருபத்தொரு குண்டு மரியாதை முழங்க வேண்டுமென்றால், அந்தத் துறைமுகத்தில் அதற்குப் பதில் மரியாதை செலுத்தும் பீரங்கிகள் இருக்கின்றனவா என்பதை முதலில் விசாரியுங்கள். பதில் மரியாதை கிடைக்காத இடத்தில் முழங்குவது இருவருக்குமே சங்கடம். போர்க்கப்பலுக்குச் சர்வதேசச் சட்டத்தில் விலக்குரிமை உண்டு, சுங்க அதிகாரி அதன் மேல் ஏறிச் சோதனையிட முடியாது. கரையிறங்கிய மாலுமிக்கு அந்த விலக்குரிமை இல்லை. வேறு உடன்பாடு எதுவும் இல்லாத நாட்டில், இரவு இரண்டு மணிக்குக் காவல் நிலையத்தில் உட்கார்ந்திருக்கும் மாலுமியை மீட்கக் கமாண்டர் என்ற உங்கள் பட்டம் உதவாது. நம் நாட்டவருக்கு அங்கே உதவும் பொறுப்புள்ள, தூதரகத்தின் கொன்சுலர் அலுவலரோடு போய்ப் பொறுமையாக உட்காருவதுதான் உதவும்.

இங்கே என் சொந்தத் தவறு ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். ஒரு விருந்தில், அந்த நாட்டுக் கடற்படையின் மூத்த அதிகாரி ஒருவர் எங்கள் கப்பல் எப்போது வரும் என்று கேட்டார். தலைமையகம் இன்னும் முடிவு செய்யாத ஒரு வாரத்தை, ஏறத்தாழ நிச்சயம் என்ற தொனியில் சொல்லிவிட்டேன். மூன்று நாட்களில் அது உள்ளூர் நாளிதழில் வந்தது. எங்கள் கப்பலை வேறொரு பணிக்குத் திருப்பிவிட்டதால் அது வரவே இல்லை. தூதர் அந்தச் செய்தியை நாளிதழில் படித்துத்தான் தெரிந்துகொண்டார். யாரும் என்னைத் தண்டிக்கவில்லை, ஆனால் அதன் பிறகு ஏறத்தாழ ஆறு மாதங்கள் நான் சொன்ன எல்லாவற்றையும் அந்த அதிகாரி வேறோர் இடத்தில் சரிபார்த்த பிறகே நம்பினார். கப்பலில் தவறான கட்டளையை அடுத்த நொடியில் திருத்தலாம். தூதரகத்தில் ஒரு வாக்கியத்தைத் திரும்ப எடுக்க முடியாது.

உங்கள் விலக்குரிமையைப் பற்றி ஓர் எச்சரிக்கை. வியன்னா ஒப்பந்தத்தின் 29-வது உறுப்பின்படி உங்களைக் கைது செய்ய முடியாது. ஆனால் அந்த விலக்குரிமை உங்களுடையது அன்று, உங்களை அனுப்பிய அரசுடையது. 32-வது உறுப்பின்படி அரசு அதைக் கைவிடலாம், நீங்கள் மறுக்க முடியாது. 9-வது உறுப்பின்படி வரவேற்கும் நாடு எந்த நேரத்திலும், காரணம் சொல்லாமலே, உங்களை விரும்பத்தகாத நபராக அறிவிக்கலாம். உங்கள் மேல் எந்தத் தவறும் இல்லாதபோதும் இது நடக்கலாம் என்பதைக் குடும்பத்தாரிடம் முன்பே சொல்லிவைப்பது நல்லது. 2025 ஏப்ரல் 23 அன்று இந்தியா, புதுதில்லியிலிருந்த பாகிஸ்தான் தூதரகத்தின் பாதுகாப்பு, ராணுவ, கடற்படை, விமானப்படை ஆலோசகர்களை அவ்வாறு அறிவித்து, வெளியேற ஒரு வாரம் கொடுத்தது. இஸ்லாமாபாத்திலிருந்த தன் ஆலோசகர்களையும் திரும்ப அழைத்துக்கொண்டது. அரசுகள் கோபத்தைக் காட்டும்போது முதலில் மூடும் கதவுகளில் அட்டாஷேயின் அறைக் கதவும் ஒன்று. வீட்டுச் சாமான்களை ஒரு வாரத்தில் கட்டிவிடக்கூடிய அளவில் வைத்துக்கொள்வது அனுபவசாலிகளின் வழக்கம்.

குடும்பத்தைப் பற்றி அதிகம் எழுத மாட்டேன், அதை முடிவு செய்ய வேண்டியவர்கள் உங்கள் வீட்டில் இருக்கிறார்கள். ஒன்றை மட்டும் உறுதியாகச் சொல்வேன்: தூதரகக் குடும்பத்தினர் வேலை செய்வதை இரு நாடுகளுக்கும் இடையில் உடன்பாடு இருந்தால்தான் சில நாடுகள் அனுமதிக்கின்றன. அப்படி அனுமதித்தாலும் மருத்துவப் பணிக்கு உள்ளூர்ப் பதிவு தனியாகத் தேவைப்படும், அது எளிதாகக் கிடைப்பதில்லை. உங்கள் மனைவி மூன்று ஆண்டுகள் தன் தொழிலை விட்டுவைக்க நேரலாம் என்று வைத்துக்கொண்டு பேசுங்கள். மகளின் பள்ளி இறுதித் தேர்வு அந்த மூன்று ஆண்டுகளுக்குள் வருகிறது. கப்பலை முதலில் முடித்துவிட்டு, அவள் பள்ளியை முடித்த பிறகு போக முடிந்தால் அதுவே மூவருக்கும் நல்லது. என் முதல் பதிலுக்கு இது இன்னொரு காரணம்.

தூதர் பதவி பற்றிய கேள்விக்கு வரலாறு ஆம் என்கிறது, நான் அவ்வளவு எளிதாக ஆம் சொல்ல மாட்டேன். மேலே சொன்ன ஆலன் கிர்க் 1946-இல் பெல்ஜியத்துக்கும், 1949-இல் சோவியத் ஒன்றியத்துக்கும் தூதரானார். அட்மிரல் வில்லியம் லேஹி 1941-இல், ஜெர்மனியிடம் தோற்ற பிறகு விஷி நகரிலிருந்து ஆண்ட பிரெஞ்சு அரசுக்கு அமெரிக்கத் தூதராகப் போனார். இந்தியக் கடற்படையின் தலைமைத் தளபதியாக இருந்த அட்மிரல் ராம் தாஸ் கட்டாரி ஓய்வுக்குப் பிறகு பர்மாவுக்குத் தூதராக இருந்தார். அதே பதவியில் இருந்த அட்மிரல் நிர்மல் வர்மா 2012-இல் கனடாவுக்கு உயர் ஆணையராக நியமனம் பெற்றார். இந்தப் பட்டியலில் கிர்க்கைத் தவிர மற்றவர்களை அழைத்துச் சென்றது அவர்கள் கடற்படையில் வகித்த மிக உயர்ந்த பதவி. அட்டாஷேயாக இருந்தது தூதர் பதவிக்கு ஏணி என்று நம்பி இந்த வேலையை ஏற்காதீர்கள். வேறு பலன்கள் நிச்சயம் உண்டு: கடல்சார் பாதுகாப்புச் சிந்தனைக் குழுக்கள், கப்பல் துறை, கடல் சட்டம், ஆயுதத் தொழில் ஆகியவை இந்த அனுபவத்தை மதிக்கின்றன. கடைசியாகச் சொன்ன துறையில் மட்டும், ஓய்வுக்குப் பிறகு எவ்வளவு காலம் காத்திருக்க வேண்டும் என்ற உங்கள் அரசின் விதியை முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

பத்து நாட்களில் இனி என்ன செய்யலாம் என்று சொல்லி முடிக்கிறேன். வாய்ப்பை மறுக்காதீர்கள், மறுப்பு கோப்பில் தங்கும். பணி நியமனப் பிரிவுக்கு எழுத்தில், அட்டாஷே பணியில் உங்களுக்கு உண்மையான விருப்பம் இருக்கிறது என்றும், கப்பல் தலைமையை முடித்தபின் போக அனுமதிக்குமாறும் கேளுங்கள். காலத்தைக் குறிப்பாக எழுதுங்கள், "பிறகு" என்ற சொல்லை மட்டும் வைத்து எழுதாதீர்கள். அந்த நாட்டு மொழியை இப்போதே கற்கத் தொடங்குகிறேன் என்று சேர்த்து எழுதுங்கள், எழுதியபடி தொடங்கியும் விடுங்கள்; அடுத்த சுற்றில் உங்கள் பெயரை மேலே நிறுத்த இதைவிடச் சிறந்த வழி எனக்குத் தெரியவில்லை. கடலோர நாடுகளின் அடுத்த முப்பது ஆண்டுத் தகராறுகள் பெரும்பாலும் 1982-ஆம் ஆண்டுக் கடல் சட்ட ஒப்பந்தத்தின் சொற்களிலேயே நடக்கப்போகின்றன என்று நினைக்கிறேன், ஆகவே வியன்னா ஒப்பந்தத்தோடு அதையும் உங்கள் கப்பல் அறையில் வைத்துப் படியுங்கள்.

தலைமையகம் இப்போது போனால்தான் உண்டு என்று சொல்லிவிட்டால், நான் கப்பலைத் தேர்ந்தெடுப்பேன். இதற்கு ஒரே ஒரு விதிவிலக்கு: அந்த நாட்டின் மொழியும் அதன் கடற்படையும் உங்களுக்கு ஏற்கெனவே பல ஆண்டுப் பரிச்சயமாக இருந்து, உங்களுக்குப் பதிலாக அனுப்ப வேறு ஆள் இல்லை என்று உங்களுக்கே உண்மையில் தோன்றினால் போய்வாருங்கள். அப்படியா என்பதை உங்கள் கடிதத்தில் நீங்கள் எழுதவில்லை. எழுதினால் மீண்டும் பதில் சொல்கிறேன்.